இல்லாத நோய்க்குப் போட்ட பில்: அமெரிக்க அரசு மருத்துவத் திட்டங்களில் நடக்கும் மோசடியை வெளியே சொல்பவர்கள்

2013 ஜூலையில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெண் கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதற்குச் சில மணி நேரம் முன்புதான் அவருக்கு முதல் கீமோதெரபி ஏற்றியிருந்தார்கள். சிகிச்சை தந்தவர் ஃபரீத் ஃபட்டா என்ற புற்றுநோய் மருத்துவர். டெட்ராய்ட்டைச் சுற்றிப் பல கிளினிக்குகள் நடத்தியவர். அவரிடம் வேலை பார்த்த இன்னொரு மருத்துவர் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனார். ஃபைலைப் புரட்டிப் பார்த்தால், அந்தப் பெண்ணுக்குப் புற்றுநோயே இல்லை.

அவர் இதைக் கிளினிக்கின் மேலாளர் ஜார்ஜ் கரட்ஷேவிடம் சொன்னார். கரட்ஷே அரசிடம் போனார். ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஃபட்டா கைதானார். தேவையே இல்லாத சிகிச்சைக்கு ஆளானவர்கள் என்று விசாரணையில் கணக்கெடுக்கப்பட்டவர்கள் 553 பேர். அரசுக் காப்பீடான மெடிகேருக்கும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அந்தச் சிகிச்சைகளுக்காக பில் போயிருந்தது. 2014-ல் ஃபட்டா குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2015 ஜூலையில் 45 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்தக் கதையில் எனக்கு மனது ஆறாத இடம் வேறொன்று. 2010-லேயே, அந்தக் கிளினிக்குக்கு வேலை கேட்டு நேர்காணலுக்குப் போன ஒரு புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ், அங்கே மருந்து ஏற்றும் விதம் தப்பு என்று கண்டு, கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்துவிட்டார். மாநில அரசுக்குப் புகாரும் எழுதினார். அடுத்த வருடம் பதில் வந்தது: தவறு எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் அந்தக் கிளினிக்குகளில் நாற்காலிகள் நிரம்பியபடியே இருந்தன.

மருத்துவ மோசடி என்றால் ஏதோ கணக்குப் புத்தகத்தில் நடக்கும் திருட்டு, யாருக்கும் வலிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த வழக்கை முதலில் சொன்னேன்.

பணம் எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகிறது

அமெரிக்காவில் 65 வயது கடந்தவர்களுக்கும், உடல்நிலையால் வேலை செய்ய முடியாத பலருக்கும் அரசு தரும் காப்பீடு மெடிகேர். வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்துவது மெடிகெய்ட். இரண்டுக்குமான சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் 1965 ஜூலை 30-ஆம் தேதி கையெழுத்திட்டார். ராணுவத்தினர் குடும்பங்களுக்கான டிரைகேர் போன்றவை தனி.

மெடிகேரின் மருத்துவமனைச் செலவுப் பகுதிக்கு வேலை பார்க்கும் ஒவ்வொருவர் சம்பளத்திலிருந்தும் 1.45 சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளி அதே அளவு போடுகிறார். ஓட்டலில் பாத்திரம் கழுவுபவரும் அதில் பங்கு செலுத்துகிறார். ஆறு கோடிக்கு மேற்பட்டவர்கள் மெடிகேரில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு நூறு கோடிக்கு மேல் கிளெயிம்கள், அதாவது சிகிச்சைக்குப் பணம் கேட்கும் பில்கள், வருகின்றன. ஒழுங்காக நிரப்பப்பட்ட கிளெயிமுக்கு 30 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று விதி.

இப்படிப்பட்ட அமைப்பு நம்பிக்கையில்தான் ஓட முடியும். டாக்டர் "செய்தேன்" என்று சொன்னால், செய்தார் என்று எடுத்துக்கொண்டு பணம் போய்விடுகிறது. சந்தேகம் வந்தால் பிறகு தோண்டுவார்கள். ஆனால் கிளெயிமில் இருப்பது சில எண்கள்தான். எண்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் கணினிக்கு அதில் பழுது தெரியாது. அறைக்குள் என்ன நடந்தது என்பது அறைக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்: நர்ஸ், பில்லிங் பார்ப்பவர், சிகிச்சையை எண்ணாக மாற்றும் கோடிங் வேலை பார்ப்பவர், கணக்காளர், மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. வெளியே சொல்பவர்களில் பெரும்பாலானோர் இவர்கள்தான்.

எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள்

பட்டியல் நீளம். ஒன்றை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

ஏற்கெனவே வந்து போகும் நோயாளி ஒருவர் டாக்டரைப் பார்க்க வருகிறார். அந்தச் சந்திப்புக்கு ஐந்து இலக்க எண் ஒன்று போட வேண்டும். கோடிங் வேலையில் இருப்பவர்களுக்கு இது மனப்பாடம்: 99213 என்றால் ஓரளவு எளிய சந்திப்பு; நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் 20 நிமிடம். 99214 என்றால் 30 நிமிடம். 99215 என்றால் சிக்கலான நோய்நிலை, 40 நிமிடம். எண் ஏற ஏறப் பணமும் ஏறும். சளிக்கு மாத்திரை வாங்க வந்து பத்து நிமிடத்தில் கிளம்பியவருக்கு 99215 போட்டால் அதுதான் அப்கோடிங். ஒரே ஒரு இலக்கம்தான் மாறியிருக்கிறது. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் உறுத்தாது. ஆனால் ஒரே டாக்டர் ஒரே நாளில் முப்பது 99215 போட்டிருந்தால், நாற்பது நிமிடக் கணக்கில் அது 20 மணி நேரம். அந்த நாளின் அப்பாயின்ட்மென்ட் பட்டியலையும் பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு பில்லிங் மேசையில் இருப்பவருக்குத்தான் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செய்யாத சோதனைக்கு பில் போடுவது. சேர்த்துப் போட வேண்டியதைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக் கூட வாங்குவது. ஃபட்டா செய்ததுபோலத் தேவையில்லாத சிகிச்சை தருவது. நோயாளியை அனுப்பி வைப்பதற்கு டாக்டருக்குக் கமிஷன் தருவது. இதைக் கிக்பேக் என்பார்கள், 1972-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. தனியார் கம்பெனி வழியாக நடக்கும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் நோயாளி எவ்வளவு சீக்காளியோ அவ்வளவு பணம் அரசிடமிருந்து வரும் என்பதால், இல்லாத நோய்களை ரெக்கார்டில் சேர்ப்பது. இந்தக் கடைசி வகைதான் இப்போது பெரிய சண்டைகளுக்குக் காரணமாக இருக்கிறது.

பணம் தவறுதலாகக் கூடுதலாக வந்துவிட்டது, பிறகுதான் தெரிந்தது என்றால்? தெரிந்த பிறகு திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதும் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டிய தவறுதான். 2010-ல் வந்த சட்டம், கண்டறிந்த 60 நாளுக்குள் திருப்பித் தரச் சொல்கிறது.

ஆனால் நேர்மையான தவறு மோசடி ஆகாது. இதைப் புதிதாகப் படிப்பவர்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணைத் தப்பாகப் போட்ட கிளார்க் மோசடிக்காரர் இல்லை. தெரிந்தே செய்திருக்க வேண்டும். அல்லது தெரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அல்லது எக்கேடோ கெடட்டும் என்று அலட்சியமாக இருந்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் அப்போது உண்மையில் என்ன நினைத்தார் என்பதே முக்கியம் என்று 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் பிற்பாடு கண்டுபிடித்துத் தரும் வியாக்கியானம் காப்பாற்றாது.

லிங்கன் காலத்துச் சட்டம்

இந்த மோசடிகளுக்கு எதிராக அரசின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் மருத்துவத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல. உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்குச் சரக்கு விற்ற ஒப்பந்தக்காரர்கள் வெடிமருந்துக்குப் பதில் மரத்தூளையும், நொண்டிக் கழுதைகளையும், மழை பட்டால் பிய்ந்துபோகும் சீருடைகளையும் தள்ளிவிட்டார்கள். 1863 மார்ச் 2-ஆம் தேதி ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டதுதான் பொய்க் கிளெயிம் சட்டம். ஃபால்ஸ் கிளெயிம்ஸ் ஆக்ட் என்று தேடினால் கிடைக்கும்.

அதில் ஒரு புதுமையான வழி இருந்தது. மோசடி நடந்தது தெரிந்த தனிமனிதர் யாரும் அரசின் பெயரால் வழக்குப் போடலாம். பணம் மீண்டு வந்தால் அவருக்கும் பங்கு உண்டு. அன்றைக்குப் பாதிக்குப் பாதி. முள்ளை முள்ளால் எடுக்கும் வழி என்று தெரிந்தேதான் செய்தார்கள். கூட்டாளிகளில் ஒருவனுக்கு ஆசை காட்டினால் மற்றவர்களை அவனே கொண்டுவந்து நிறுத்துவான் என்பது கணக்கு. இந்த வழக்குக்கு கீ டாம் என்று பெயர். ராஜாவுக்காகவும் தனக்காகவும் வழக்காடுபவர் என்று பொருள்படும் பழைய லத்தீன் வாசகத்தின் முதல் இரண்டு சொற்கள் அவை. வழக்குப் போடுபவரை ரிலேட்டர் என்கிறார்கள்.

1943-ல் இந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கினார்கள். அரசு ஏற்கெனவே தொடுத்த குற்ற வழக்கின் காகிதத்தையே நகலெடுத்துக்கொண்டு போய்ப் பங்கு கேட்டவர்கள் இருந்ததுதான் காரணம். பிறகு நாற்பது வருடம் அது கிடப்பில் கிடந்தது. 1986-ல் செனட்டர் சக் கிராஸ்லியும், பிரதிநிதிகள் சபையில் ஹோவர்ட் பெர்மனும் முன்னின்று மறுபடி கூர் தீட்டினார்கள். இன்றைக்கு நாம் பேசுவது அந்த 1986 வடிவத்தைப் பற்றித்தான். அதற்குப் பிறகு இந்தச் சட்டம் மூலம் அரசுக்குத் திரும்பி வந்த பணம் 2024 வரை 7,800 கோடி டாலருக்கும் மேல். 2024 நிதியாண்டில் மட்டும் 979 கீ டாம் வழக்குகள் பதிவாயின. அந்த ஆண்டு மீண்ட 290 கோடி டாலரில் 167 கோடிக்கு மேல் மருத்துவத் துறையிலிருந்து வந்தது.

கம்பெனிகள் இந்தச் சட்டத்துக்கு ஏன் பயப்படுகின்றன? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு பில்லுக்கு 50 டாலர் கூட வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அப்படி ஆயிரம் பில். அரசுக்கு நட்டம் 50,000 டாலர். சட்டப்படி மூன்று மடங்கு கட்ட வேண்டும், அது ஒன்றரை லட்சம். இதோடு ஒவ்வொரு பொய்க் கிளெயிமுக்கும் தனியாக அபராதம் உண்டு. 2024-ல் குறைந்தபட்சம் 13,946 டாலர். ஆயிரத்தால் பெருக்கினால் 1 கோடியே 39 லட்சத்து 46 ஆயிரம் டாலர். நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போகாமல் பெரும்பாலான கம்பெனிகள் சமரசத்துக்கு வருவதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

வழக்கு எப்படி நடக்கிறது

முதலில் வக்கீல். இதைத் தானாக நடத்த நீதிமன்றங்கள் பொதுவாக விடுவதில்லை, ஏனென்றால் வழக்கு அரசுக்குச் சொந்தமானது. இந்த வகை வழக்குகளை எடுக்கும் வக்கீல்கள் பெரும்பாலும் ஜெயித்தால் பங்கு என்ற ஏற்பாட்டில் வேலை செய்கிறார்கள்.

வழக்கை சீல் வைத்துத்தான் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகாது. தன் கையில் இருக்கும் முக்கிய ஆதாரங்களை எல்லாம் எழுதி அரசின் நீதித் துறைக்கு (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) தனியாகக் கொடுக்க வேண்டும். சட்டம் சொல்லும் சீல் காலம் 60 நாள். நடைமுறையில் அரசு கேட்டுக் கேட்டு நீட்டித்து வருடக்கணக்கில் போகும். அந்த வருடங்களில் ரிலேட்டர் வழக்கைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. அதே அலுவலகத்தில், அதே மேலதிகாரியின் முன்னால் வேலை பார்த்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. சட்டம் படிப்பவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். தினம் காலையில் அந்தக் கட்டடத்துக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

விசாரித்த பின் அரசு வழக்கைத் தானே ஏற்று நடத்தலாம், அல்லது ஒதுங்கிக்கொள்ளலாம். ஏற்றால் ரிலேட்டருக்கு மீண்ட தொகையில் 15 முதல் 25 சதவீதம். ஒதுங்கிய பிறகும் அவர் தனியாக நடத்தி ஜெயித்தால் 25 முதல் 30 சதவீதம். ரிலேட்டர் எதிர்த்தாலும் வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லும் உரிமை அரசுக்கு உண்டு. மோசடியைத் திட்டமிட்டுத் தொடங்கியவரே ரிலேட்டராக வந்தால் பங்கைக் குறைக்கலாம். அதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் ஒன்றும் கிடையாது.

பெரிய தொகைகள் செய்தியில் வரும். மருந்து விற்பனை முறை தொடர்பாக ஃபைசர் 2009-ல் 230 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டபோது, அதன் முன்னாள் விற்பனைப் பிரதிநிதி ஜான் கோப்சின்ஸ்கிக்கு 5 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. ஆனால் அவர் வழக்குப் போட்டது 2003-ல். நடுவில் போன ஆறு வருடம் அந்தச் செய்தித் தலைப்பில் இல்லை.

இதைவிட நீண்ட காத்திருப்பும் இருக்கிறது. மொன்டானா மாநிலத்தில் வைட்ஃபிஷ் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் தலைமை நிதி அதிகாரியாக இருந்தவர் ஜேம்ஸ் ஆல்டர்சன். 1990-ல் புதிய நிர்வாக நிறுவனம் வந்தது. மெடிகேருக்கு ஆண்டு முடிவில் தரும் செலவுக் கணக்கை இரண்டாகத் தயாரிக்கச் சொன்னார்கள்: அரசுக்கு அனுப்புவது ஒன்று, உண்மையில் எவ்வளவு நியாயமாக வரும் என்று காட்டும் உள் கணக்கு இன்னொன்று. அவர் மறுத்தார். சில நாளில் வேலை போனது. 1993-ல் கீ டாம் வழக்குப் போட்டார். ஐந்து வருடம் கழித்துத்தான் அரசு அதை ஏற்றது. ஹெச்சிஏ என்ற மிகப் பெரிய மருத்துவமனைக் குழுமமும் அதில் சிக்கியது. ஃப்ளோரிடாவில் இதேபோல இரட்டைக் கணக்கைக் கண்ட ஜான் ஷில்லிங் என்பவரும் தனியே வழக்குப் போட்டிருந்தார். 2000-லும் 2003-லும் நடந்த சமரசங்களில் ஹெச்சிஏ கட்டியது மொத்தம் சுமார் 170 கோடி டாலர். வேலையை இழந்ததிலிருந்து ஆல்டர்சனுக்குப் பதின்மூன்று வருடம்.

தமிழில் இப்படிப்பட்டவர்களைக் குறிக்கச் சட்டென்று வாயில் வரும் சொற்கள் எல்லாம் வசவாகவே இருக்கின்றன: காட்டிக்கொடுத்தவன், கோள்சொல்லி, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன். ஆல்டர்சன் உண்ட வீடு எது? அந்தப் பாத்திரம் கழுவுபவரின் 1.45 சதவீதத்தில் நடக்கும் வீடுதான். அந்த வீட்டுக்கு இரண்டகம் செய்தவர் அவர் இல்லை.

பழிவாங்கலுக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. வேலையை விட்டு நீக்கினாலோ, பதவியிறக்கினாலோ, தொந்தரவு செய்தாலோ பழைய வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். இழந்த சம்பளம் இரண்டு மடங்காக வட்டியோடு வர வேண்டும். வக்கீல் செலவும் உண்டு. காகிதத்தில் நல்ல பாதுகாப்பு. ஆனால் இது நடந்த பிறகு கேட்டு வாங்குவது. நடக்காமல் தடுப்பது இல்லை. அடுத்த வேலை கொடுப்பவரின் மனதில் இருப்பதை எந்தச் சட்டமும் தொடாது. தெரிந்த ஒருவர் இந்த முடிவின் விளிம்பில் நின்றால், இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

முதலாவது தாமதம். ஒரே மோசடிக்கு முதலில் வழக்குப் போட்டவருக்குத்தான் இடம். அடுத்தவர் வாசலிலேயே நிற்க வேண்டும். பொதுவாக மோசடி நடந்த ஆறு வருடத்துக்குள் போட வேண்டும். சில சூழலில் அதிகபட்சம் பத்து.

இரண்டாவது பேச்சு. விஷயம் செய்தியில் வந்துவிட்டால், அந்தச் செய்தியை வைத்து வழக்குப் போட முடியாது. அந்தச் செய்தியைச் சாராமல் தானாக அறிந்த, அதற்கு மேல் முக்கியமாக எதையாவது சேர்க்கும் தகவல் தன்னிடம் இருக்க வேண்டும். கோபத்தில் சமூக வலைதளத்தில் எழுதிவிட்டு வக்கீலிடம் போவது தலைகீழ் வரிசை.

மூன்றாவது ஆதாரம் எடுக்கும் விதம். தன் வேலைக்காகத் தன் பார்வைக்கு வரும் காகிதங்கள் வேறு. அடுத்தவர் மின்னஞ்சலுக்குள் நுழைந்து எடுப்பது வேறு. நோயாளிகளின் விவரம் ரகசியம்தான் என்றாலும், மோசடி நடப்பதாக நல்லெண்ணத்தோடு நம்பும் ஊழியர் அதைத் தன் வக்கீலிடமோ, கண்காணிக்கும் அரசு அமைப்பிடமோ தருவதற்குத் தனியுரிமை விதிகள் இடம் தருகின்றன. பொதுவாக மற்றவர்களிடம் இல்லை.

நான்காவது, நான் மிக முக்கியம் என்று நினைப்பது, பொத்தாம் பொதுவாகப் பேசுவது. "இங்கே எல்லாமே தப்பு" என்ற வாக்கியத்தை வைத்து நீதிமன்றத்தில் ஒன்றும் செய்ய முடியாது. யார், எப்போது, எந்த நோயாளிக்கு, எந்த எண், உண்மையில் நடந்தது என்ன என்று மோசடி வழக்கின் மனுவிலேயே இருக்க வேண்டும். ஃபட்டா கிளினிக்கில் 2010-ல் அந்த நர்ஸ் கண்டது முழுக்க உண்மை. அவர் கையில் இருந்தது கண்ணால் கண்ட சாட்சியம் மட்டும். 2013-ல் பேசியவர்களுக்கு ஃபைல் எட்டும் தூரத்தில் இருந்தது. கண்டதை நம்பி முழுதாக விசாரிக்க வேண்டியது அரசின் கடமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வழக்குப் போட ஊழியராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாசசூசெட்ஸில் ஒரு மனநல மையத்தில் தகுதியும் லைசென்சும் இல்லாதவர்களிடம் சிகிச்சை பெற்ற பதின்வயதுப் பெண் இறந்துபோனாள். மெடிகெய்டுக்கு பில் போனதை வைத்துப் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2016-ல் அது உச்ச நீதிமன்றம் வரை போய், முக்கிய விதியை மீறியதை மறைத்து பில் போடுவதும் பொய்க் கிளெயிம் ஆகலாம் என்ற தீர்ப்பைப் பெற்றுத் தந்தது.

இந்த ஏற்பாட்டுக்கே இப்போது ஒரு சவால் வந்திருக்கிறது. அரசால் நியமிக்கப்படாத தனிமனிதர் அரசின் பெயரால் வழக்காடுவது அரசியலமைப்புக்கு முரண் என்று 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி ஃப்ளோரிடாவில் ஒரு ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார். அதன் மேல் அப்பீல் போயிருக்கிறது. இதற்கு முன் பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கீ டாம் முறை செல்லும் என்றே சொல்லியிருக்கின்றன.

வழக்கு, பங்கு எதுவும் வேண்டாம், சொன்னால் போதும் என்பவர்களுக்கு சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒரு தொலைபேசி எண் வைத்திருக்கிறது: 1-800-447-8477. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். மெடிகேரில் இருக்கும் பெற்றோர் உங்களோடு இருந்தால், அவர்கள் பெயருக்கு எதற்கெல்லாம் பில் போடப்பட்டது என்று காட்டும் அறிக்கை தபாலில் வரும். பலர் "இது பில் அல்ல" என்ற வரியைப் பார்த்ததும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தேதி வாரியாகப் படித்துக் காட்டுங்கள். "அன்றைக்கு நான் டாக்டரிடமே போகவில்லையே" என்று அவர்கள் சொன்னால், அந்தத் தேதியையும் டாக்டர் பெயரையும் பென்சிலால் வட்டமிட்டு வைத்துக்கொண்டு அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.